மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து

நூலக வேலை என்றால் நாள் முழுக்க உட்கார்ந்து புத்தகம் படிக்கலாம் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருப்பதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. 11 வருடம் இரவல் கொடுக்கும் மேசையில் இருந்தவன் நான், வேலை நேரத்தில் படித்து முடித்தது ஒரு புத்தகம்கூடக் கிடையாது.

"போன மாசம் நீல அட்டை போட்டு ஒரு புத்தகம் இருந்ததே?" என்று ஒருவர் வந்து கேட்பார். தலைப்பு தெரியாது, எழுதியவர் பெயர் தெரியாது, நீலம் என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை. தேடி எடுத்தால் பச்சையாக இருக்கும். சரி, அது போகட்டும்.

கஷ்டமானது வேறு. ஒருவர் உடல்நலப் புத்தகங்கள் எங்கே என்று பொதுவாகக் கேட்பார், நாலு கேள்வி கேட்ட பிறகுதான் வீட்டில் யாருக்கோ புற்றுநோய் என்று தெரியவரும். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்கும் டியூயி பகுப்பில் உடல்நலம் பேணுதல் 613, நோய்கள் 616. எண்ணைச் சொல்லி அனுப்பிவிட்டால் யோகாசனப் புத்தகங்கள் முன்னால் நின்றுவிட்டு வெறுங்கையோடு போய்விடுவார். அதனால் எழுந்து கூடவே நடந்துபோய்க் காட்டுவேன். யார் எதை எடுத்தார் என்பதை வெளியே சொல்லவும் கூடாது, மனைவி எடுத்ததைக் கணவர் வந்து கேட்டாலும்.

அப்புறம் புத்தகத்துக்குள் மறந்து வைத்தவை: ரசீது, மாத்திரை அட்டை, ஒருமுறை பிரிக்காத கடிதம். அதைத் தேடி வந்த பெண்மணி "படிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டார். "ஒட்டினது அப்படியே இருக்கு, பாருங்கம்மா" என்றேன். வாங்கிப் பார்த்துவிட்டு, பிரிக்காமலேயே பையில் வைத்துக்கொண்டு போனார்.