அலுமினியம் கலந்த டியோடரண்டை ஐரோப்பிய விஞ்ஞானிகள் தடை செய்தார்களா?

"மார்பகப் புற்றுநோய் வருவதால் அலுமினியம் கலந்த டியோடரண்டை ஐரோப்பிய விஞ்ஞானிகள் குழு தடை செய்துவிட்டது" என்ற தகவல் சுற்றுகிறது. இது பொய்.

முதலில், அந்தக் குழுவுக்குத் தடை செய்யும் அதிகாரமே கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்புக்கான அறிவியல் குழு, சுயேச்சையான வல்லுநர்கள் ஆதாரங்களை அலசிக் கருத்து சொல்லும் அமைப்பு. விதி கொண்டுவருவது ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தின் வேலை.

சரி, குழு என்னதான் சொன்னது? 2014இல், தோல் வழியாக எவ்வளவு அலுமினியம் உடலுக்குள் போகிறது என்பதற்குப் போதிய தரவு இல்லை, அதனால் ஆபத்து உண்டா இல்லையா என்று மதிப்பிட முடியாது என்றது. வதந்திக்குத் தீனி போட்டது இந்த வரியாகத்தான் இருக்க வேண்டும். "தெரியவில்லை" என்பதை "ஆபத்து" என்று மாற்றிவிட்டார்கள். இதுதான் எனக்குப் பெரிய வருத்தம். அப்புறம் மனிதர்களிடம் நடத்திய ஆய்வுகளின் தரவு வந்தது. 2020இல் வெளியான கருத்தில், ஸ்பிரே அல்லாத டியோடரண்டில் 6.25 சதவீதம் வரையும், ஸ்பிரேயில் 10.60 சதவீதம் வரையும் அலுமினியம் இருந்தால் பாதுகாப்பானது என்று குழு சொன்னது. பற்பசைக்கு 2.65, உதட்டுச்சாயத்துக்கு 0.77 சதவீதம்.

டியோடரண்டால் மார்பகப் புற்றுநோய் வருகிறது என்பதற்குத் தெளிவான ஆதாரம் இதுவரை இல்லை. மார்பில் கட்டி தென்பட்டால் டியோடரண்டை ஆராய்ந்துகொண்டிருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.