கணினியில் செய்தால் கண்டுபிடிப்பு ஆகிவிடுமா?

இரண்டு பேர் கொடுக்கல் வாங்கல் செய்கிறார்கள். ஒருவர் கொடுத்துவிட, மற்றவர் கைவிரித்துவிடக் கூடாது. அதற்காக நடுவில் ஒருவர் உட்கார்ந்து, இருவர் கணக்கையும் தன் ஏட்டில் எழுதிக்கொள்கிறார். இருப்பு போதுமென்றால்தான் பரிமாற்றத்தை நடத்திவைக்கிறார். வணிகத்தில் காலங்காலமாக இருக்கும் வழக்கம் இது. இதையே கணினி செய்யும் என்று எழுதி, ஆலிஸ் கார்ப்பரேஷன் என்ற நிறுவனம் அமெரிக்காவில் காப்புரிமை (பேடன்ட்) வைத்திருந்தது. 2014 ஜூன் 19 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதைச் செல்லாது என்றது. பழைய கருத்தோடு சாதாரணக் கணினி ஒன்றைச் சேர்த்தால் மட்டும் அது காப்புரிமைக்குத் தகுதி பெறாது என்பதே தீர்ப்பின் சாரம்.

நிரல் எழுதிப் பிழைக்கும் எனக்கு அந்தத் தீர்ப்பு ஒரு வேலி. அதைத்தான் பிடுங்கப் பார்க்கிறார்கள்.

செனட்டர்கள் தாம் டில்லிஸ், கிறிஸ் கூன்ஸ் 2023-இல் கொண்டுவந்து, 2025-இல் மறுபடியும் தாக்கல் செய்த மசோதா, 'இதற்கெல்லாம் காப்புரிமை கிடையாது' என்று நீதிமன்றங்கள் வகுத்த விலக்குகள் அனைத்தையும் நீக்குகிறது. வணிக நடைமுறைகளுக்குக் காப்புரிமை இல்லை என்று அதிலும் எழுதியிருக்கிறார்கள். ஆனால், இயந்திரம் இல்லாமல் நடைமுறையில் செய்ய முடியாதது என்றால் அந்தத் தடை பொருந்தாதாம். நொடிக்கு ஆயிரம் பரிமாற்றம் என்று விண்ணப்பத்தில் சேர்த்துவிட்டால், எந்த மனிதரால் அதை ஏட்டில் எழுத முடியும்? முன் கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைக்கும் வேலை இது.

நாமே யோசித்து நாமே எழுதிய நிரல் என்பது காப்புரிமை வழக்கில் தற்காப்பு ஆகாது. ஜிஃப் படவடிவம் 1987-இல் வந்தது. உலகமே அதைப் பயன்படுத்திப் பழகிய பிறகு, 1994 டிசம்பரில், அதிலுள்ள சுருக்கமுறை தங்களுடையது என்று யூனிசிஸ் உரிமக் கட்டணம் கேட்டது. அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் பிஎன்ஜி என்ற மாற்றுப் படவடிவம். எல்லாச் சிறு குழுவாலும் இப்படி மாற்று வடிவம் படைக்க முடியாது. வழக்குச் செலவுக்குப் பயந்து பணத்தைக் கட்டிவிடும். எழுதிய நிரலைத் திருடவிடாமல் காக்கப் பதிப்புரிமை ஏற்கெனவே இருக்கிறது.

இயற்கை விதியோடு வழக்கமான படிகளைச் சேர்த்தால் மட்டும் காப்புரிமை கிடைக்காது என்று அதே நீதிமன்றம் சொன்ன 2012-இன் மேயோ தீர்ப்பால், நோயறியும் சோதனைகளைக் கண்டுபிடிப்பவர்கள் தவிக்கிறார்கள் என்பது உண்மை. அவர்களுக்குத் தனியாக ஒரு மசோதா வரட்டும், ஆதரித்து எழுதுகிறேன். மென்பொருளை அதோடு சேர்த்துக் கட்டாதீர்கள். சட்டத்தைத் திருத்தியே ஆக வேண்டுமென்றால், ஆலிஸ் தீர்ப்பு சொன்னதை, எதற்குக் காப்புரிமை தரலாம் என்று சொல்லும் அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தின் 101-ஆம் பிரிவிலேயே வெளிப்படையாக எழுதுங்கள்.