ஆபீஸ் பிரவுசரில் யாருடைய ஜிமெயில் இருக்கிறது?

ஆபீஸுக்கு எந்த பிரவுசர் நல்லது என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், ஆளாளுக்கு ரேம் கணக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். குரோம் ரேமைத் தின்னும், எட்ஜ் கொஞ்சம் தேவலை, ஃபயர்ஃபாக்ஸ் ஸ்லோ. 2020 ஜனவரியில் எட்ஜும் குரோமுக்கு அடிப்படையான குரோமியத்துக்கு மாறிய பிறகு இந்தச் சண்டையில் பாதிக்கு அர்த்தமே இல்லை. குரோம், எட்ஜ், பிரேவ், ஓபரா எல்லாவற்றுக்கும் உள்ளே ஓடுவது ஒரே இன்ஜின். ஃபயர்ஃபாக்ஸும் ஆப்பிளின் சஃபாரியும்தான் வேறு. டேப் திறந்துகொண்டே போனால் எல்லாமே திணறத்தான் செய்யும்.

ஆடிட்டர் ஆபீஸ், ஜி.எஸ்.டி. ஃபைலிங் செய்கிற சின்ன அலுவலகங்கள், இவற்றுக்கு சிஸ்டம் பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. எங்கே போனாலும் நான் முதலில் பார்ப்பது பிரவுசரின் மேல் மூலையில், யார் கணக்கு லாகின் ஆகியிருக்கிறது என்று காட்டும் சின்ன வட்டத்தை. அதில் வேலை செய்பவரின் கல்யாண போட்டோவோ முருகர் படமோ இருந்தால் அங்கே எனக்கு வேலை இருக்கிறது என்று அர்த்தம். எந்த பிரவுசர் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நடப்பது இதுதான். புதிதாகச் சேர்ந்தவர் முதல் நாளே தன் மெயிலைப் பார்க்க குரோமில் லாகின் செய்கிறார். சிங்க் ஆன் பண்ணட்டுமா, அதாவது சேமிப்பதை எல்லாம் உங்கள் கணக்கிலும் வைக்கட்டுமா என்று கேட்கிறது, சரி என்கிறார். மறுநாளிலிருந்து கிளையன்ட்களின் ஜி.எஸ்.டி., வருமான வரி, பி.எஃப். தளங்கள். ஒவ்வொரு லாகினுக்கும் பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று ஒரு பெட்டி எட்டிப் பார்க்கும். திரும்பத் திரும்ப அடிக்கச் சோம்பல், சேமி என்று அழுத்திவிடுகிறார். அத்தனையும் போய் உட்காருவது அவருடைய சொந்த கூகுள் கணக்கில். அவர் மொபைலிலும், வீட்டில் தம்பியும் சேர்ந்து உபயோகிக்கிற லேப்டாப்பிலும் அந்த லிஸ்ட் இருக்கும். பிறகு நல்ல சம்பளம் கிடைத்து வேறு இடம் போகிறார். ஆபீஸில் சிஸ்டத்தை ஃபார்மேட் அடித்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். பாஸ்வேர்டுகள் அவர் கூடவே போய்விட்டன, அது அவருக்கே தெரியாது. ஆடிட்டர் சாரோ பாஸ்வேர்ட் எக்செல் ஷீட்டுக்கு லாக் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறார்!

சின்ன ஆபீஸில்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2022இல் நெட்வொர்க் கருவிகள் செய்கிற சிஸ்கோ நிறுவனத்துக்குள் ஹேக்கர்கள் புகுந்தது இதே வழியில்தான். ஊழியர் ஒருவரின் சொந்த கூகுள் கணக்கு அவர்கள் கையில் சிக்கியது. பிரவுசரில் அவர் சேமித்திருந்த ஆபீஸ் பாஸ்வேர்டும் அதில் சிங்க் ஆகிக் கிடந்தது. அடுத்த வருடம் ஆக்டா. ஊர் உலகத்துக்கெல்லாம் லாகின் பாதுகாப்பு விற்கிற கம்பெனி அது. அங்கேயும் ஓர் ஊழியர் ஆபீஸ் லேப்டாப்பின் குரோமில் சொந்தக் கணக்கைப் போட்டு வைத்திருந்தார், முக்கியமான ஒரு பாஸ்வேர்டு அதில் சேமிக்கப்பட்டிருந்தது. 134 வாடிக்கையாளர்களின் ஃபைல்கள் வரை ஹேக்கர் கை நீண்டது. அதன் பிறகு ஆக்டா பிரவுசரை மாற்றவில்லை. ஆபீஸ் லேப்டாப்பில் குரோமுக்குள் சொந்த கூகுள் கணக்கைப் போட முடியாதபடி பூட்டினார்கள்.

இந்தப் பூட்டு பெரிய கம்பெனிகளுக்கு மட்டுமானது இல்லை. குரோம், எட்ஜ் இரண்டிலுமே பாலிசி என்று இருக்கிறது, எதை அனுமதிக்கலாம் என்று சிஸ்டத்திலேயே போட்டு வைக்கிற கட்டுப்பாடு அது. பிரவுசருக்குள் சொந்தக் கணக்கில் லாகின் ஆவதை ஒன்று நிறுத்தும், பாஸ்வேர்ட் சேமிப்பதை இன்னொன்று நிறுத்தும். உங்கள் ஹார்ட்வேர் ஆளிடம் சொன்னால் டீ வந்து சேருவதற்குள் போட்டுவிடுவார். டேப்பில் ஜிமெயிலைத் திறந்து பார்ப்பதை இது தடுக்காது, அதனால் யாரும் கோபித்துக்கொள்ளத் தேவையில்லை. பாஸ்வேர்டுகளுக்கு கீபாஸ் மாதிரி இலவசமான பாஸ்வேர்ட் மேனேஜர் ஒன்று போதும். எக்செல் ஷீட்டை விட ஆயிரம் மடங்கு மேல்.

சரி, எந்த பிரவுசர்?

விண்டோஸ் சிஸ்டமாக இருந்தால் வேலைக்கு எட்ஜ் என்பேன். வேறு எதையும் விட அது உசத்தி என்பதற்காக இல்லை. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு 2022 ஜூனில் மூடுவிழா நடந்தாலும், அதை நம்பியே எழுதப்பட்ட பழைய தளங்கள் இன்னும் சில துறைகளில் உயிரோடு இருக்கின்றன. எட்ஜில் உள்ள ஐ.இ. (இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்) மோட் அவற்றைத் திறக்கும், 2029 வரையாவது அது இருக்கும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். ஐ.இ. மோட் லிஸ்டில் நாமாகச் சேர்க்கிற தளம் 30 நாளில் அதிலிருந்து தானாகக் கழன்றுவிடும். "போன மாசம் ஓப்பன் ஆச்சே சார்" என்று எனக்கு வருகிற போன்களுக்குப் பாதிக் காரணம் இதுதான்.

இரண்டாவதாக ஃபயர்ஃபாக்ஸ். வரி ஆபீஸ்களில் ஒரே சிஸ்டத்தில் மூன்று பிரவுசர் இருக்கும். விருப்பத்துக்காக வைத்திருப்பதில்லை, ஒரே நேரத்தில் மூன்று கிளையன்ட் கணக்கைத் திறந்து வைக்க வேறு வழி தெரியாமல்தான். ஒரே பிரவுசரில் இரண்டாவது கிளையன்ட் லாகின் ஆனதும் முதல் ஆள் வெளியே விழுந்துவிடுவார். இன்காக்னிட்டோ ஒரு தடவைக்கு உதவும், மூன்றாவது ஆளுக்கு உதவாது. எத்தனை இன்காக்னிட்டோ ஜன்னல் திறந்தாலும் அவற்றுக்குள் ஒரே குக்கீதான், அதாவது யார் லாகின் ஆகியிருக்கிறார் என்று தளம் பிரவுசரில் போட்டு வைக்கிற குறிப்பு. ஃபயர்ஃபாக்ஸில் மொசில்லாவே தருகிற மல்டி அக்கவுன்ட் கன்டெய்னர்ஸ் என்ற ஆட்-ஆன் (பிரவுசரில் கூடுதலாகச் சேர்க்கிற குட்டி மென்பொருள்) போட்டால், பச்சைக் கோடு போட்ட டேப்பில் ஒரு கிளையன்ட், ஆரஞ்சுக் கோட்டில் இன்னொருவர், ஒருவர் குக்கீ மற்றவருக்குத் தெரியாது. குரோமிலும் எட்ஜிலும் தனித்தனி புரொஃபைல் வைத்து இதைச் செய்யலாம், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு தனி ஜன்னல். எது எந்த ஜன்னல் என்று குழம்பி, ஒரு கிளையன்ட்டின் எண்ணை இன்னொருவர் ரிட்டர்னில் அடித்த கதையெல்லாம் உண்டு. டி.எஸ்.சி. டோக்கன், அதாவது டிஜிட்டல் கையெழுத்து வேலையை மட்டும் எட்ஜிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கையெழுத்தைத் தளத்தில் போட உதவுகிற எம்சைனர் மென்பொருளுக்காக 127.0.0.1:1585 பக்கத்தைத் திறந்து அனுமதி கொடுக்கிற சடங்கை ஒவ்வொரு பிரவுசரிலும் தனியாகச் செய்ய வேண்டும், ஒரு இடத்தில் செய்தால் போதாதா?

ஆபீஸ் மெயில் கூகுள் வொர்க்ஸ்பேஸில் இருந்தால் குரோமே நல்லது, மூலையில் ஆபீஸ் கணக்கு மட்டும் இருக்கும்வரை. ஜோஹோவின் உலா பிரவுசரையும் கேட்கிறார்கள். மத்திய அரசின் பிரவுசர் போட்டியில் ஜெயித்தது, நம் சென்னைக் கம்பெனி. வேலைக்கும் சொந்த உபயோகத்துக்கும் தனித்தனி மோட் வைத்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதுவும் குரோமியம்தான், எந்த மோடில் யார் லாகின் ஆகிறார் என்ற கேள்வி அங்கேயும் இருக்கிறது.

எக்ஸ்டென்ஷன், அதாவது ஆட்-ஆன் விஷயத்தில் எனக்கு இரக்கமே கிடையாது. பி.டி.எஃப். மாற்றுவது, ஸ்கிரீன்ஷாட் எடுப்பது என்று வருகிற பலதும் எல்லாத் தளங்களிலும் உள்ள தகவலைப் படிக்க அனுமதி கேட்கும். கிளையன்ட்டின் பேங்க் பக்கமும் அதில் சேர்த்தி. 2024 கிறிஸ்துமஸ் சமயத்தில் சைபர்ஹேவன் என்ற கம்பெனியின் எக்ஸ்டென்ஷனை ஹேக்கர்கள் கைப்பற்றி, விஷம் கலந்த அப்டேட்டை அனுப்பினார்கள். தகவல் திருட்டைத் தடுக்கவென்றே விற்கப்பட்ட எக்ஸ்டென்ஷன் அது. விளம்பரத்தைத் தடுக்க ஒன்று, ஃபயர்ஃபாக்ஸில் அந்த கன்டெய்னர்ஸ், இவை போதும், மீதி அத்தனையையும் எடுத்துவிடுங்கள்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே எல்லா சிஸ்டத்திலும் கை வைத்துவிடாதீர்கள். 20ஆம் தேதி ஜி.எஸ்.டி. 3பி ரிட்டர்ன் முடியட்டும். அடுத்த மாதம் 7ஆம் தேதி டி.டி.எஸ். கட்டுவதற்குள் ஒரு சனிக்கிழமை மதியம் கிடைக்கும். எல்லாரையும் சொந்தக் கணக்கிலிருந்து வெளியே வரச் சொல்லி, அதில் கிடக்கிற கிளையன்ட் பாஸ்வேர்டுகளை அவர்கள் கையாலேயே அழிக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே வேலையை விட்டுப் போனவர்கள் தொட்ட கணக்குகளுக்கு அன்றைக்கே புது பாஸ்வேர்ட். ஓ.டி.பி. கிளையன்ட் மொபைலுக்குப் போகும் என்பதால் முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது.