கூந்தன்குளத்தில் மரத்தடியிலேயே நடக்கும் மீட்பு

அழியும் பறவைகளைக் கூண்டில் இனப்பெருக்கம் செய்வது பற்றிய கட்டுரை நன்று. அரியானாவின் பிஞ்சோரில் பாறுக் கழுகுகளை அப்படி வளர்ப்பது அவசியம்தான். மாட்டுக்குப் போட்ட டைக்ளோபினாக் என்ற வலிநிவாரணி ஊசி, செத்த மாட்டைத் தின்ற அந்த இனத்தையே கிட்டத்தட்ட துடைத்துவிட்டது; 2006இல் தடை வந்தும் எண்ணிக்கை தானாக மீளவில்லை.

ஆனால் திருநெல்வேலி மாவட்டத்தில் எங்கள் நாங்குநேரிப் பக்கம் இருக்கும் கூந்தன்குளத்தையும் சொல்லியிருக்கலாம். என் அத்தை வீடு அந்த ஊரில்தான். கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் அங்கே குளத்தில் மட்டுமல்ல, தெருவுக்குள் நிற்கும் வேம்பிலும் புளியிலும் கூடு கட்டும். காற்று பலமாக அடித்தால் குஞ்சுகள் பொத்தென்று விழும். ஊர்க்காரர்கள் தூக்கி வைத்து மீன் ஊட்டிப் பறக்கும்வரை பார்ப்பார்கள். ஒரு கூழைக்கடாக் குஞ்சு எவ்வளவு மீன் தின்னும் என்று பார்த்தால்தான் தெரியும்! எச்சத்தின் நாற்றம் சோறு தின்னும்போதும் வரும். அத்தை ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. எச்சம் கரைந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம், அது வேறு விஷயம். பறவை மிரளும் என்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர் அது.

1994இல் சரணாலயம், 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியல். எல்லாம் சரி, மணிமுத்தாற்றுத் தண்ணீர் வராத வருஷம் குளம் காய்ந்தால் பறவை எங்கே இறங்கும்? கால்வாயைத் தூர்வாரி, குளத்துக்குத் தண்ணீரை நேரத்தோடு திறந்துவிடுங்கள். முதலில் அதைச் செய்யுங்கள்.