கியூபாவின் வரதேரோ கடற்கரையில் பாதி விலைக்கு கோஹிபா சுருட்டு கிடைக்குமா?

கியூபா போகிறவர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு "டிப்ஸ்" வருகிறது: "கடையில் வாங்காதீர்கள். தொழிலாளர்களுக்குக் கூட்டுறவுப் பங்காகக் கிடைக்கும் அசல் சுருட்டை வரதேரோ கடற்கரையில் பாதி விலைக்குத் தருவார்கள்."

இது பொய். ஆலைத் தொழிலாளர்கள் குடிக்கக் கொஞ்சம் சுருட்டு கிடைப்பது உண்மைதான். ஆனால் முத்திரையிட்ட கோஹிபா பெட்டிகளைப் பங்காக அள்ளிக் கொடுப்பதில்லை. 2022-இல் கோஹிபா விலையை உலகெங்கும் ஒரே மட்டத்துக்கு ஏற்றிவிட்டார்கள். கியூபாவிலும் அது மலிவில்லை. அப்புறம் மணலில் மட்டும் எப்படிப் பாதி விலை?

கையில் கொடுத்தால் முதலில் பெட்டியைப் பாருங்கள். மூடி கண்ணாடியா? பேச்சே வேண்டாம், போலி. கோஹிபா கண்ணாடி மூடிப் பெட்டியில் வருவதே இல்லை. சுற்றுலாப் பயணிகளைக் கவரத்தான் இந்த ஜோடனை. அடுத்து சுருட்டின் வளையம்: மேலே கறுப்புப் பட்டையில் வரிசையாக வெள்ளைச் சதுரங்கள். மட்டமான போலியில் விளிம்புச் சதுரங்கள் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். நல்ல போலியில் இதுகூடச் சரியாக இருக்கும், அதனால் வளையத்தை மட்டும் நம்பாதீர்கள்.

கியூபாவை விட்டுக் கிளம்பும்போது சுங்கச் சோதனையும் இருக்கிறது. உதிரியாக 20 சுருட்டு வரை ரசீதில்லாமல் கொண்டுபோகலாம். அதற்கு மேல் 50 வரை என்றால் பிரிக்காத அசல் பெட்டியும் ஹாலோகிராம் முத்திரையும் வேண்டும். கடற்கரைப் பெட்டி அங்கேயே மாட்டலாம்.

அசல் வேண்டுமா? கியூபச் சுருட்டு விற்கும் அதிகாரபூர்வ 'லா காசா தெல் ஹபானோ' கடைக்குப் போய் ரசீதோடு வாங்குங்கள்.