கசாக் சிரிலிக் எழுத்தை உருவாக்கியவர் பைதுர்சினுலி அல்ல

"கசாக் மொழியை இன்று எழுதும் சிரிலிக் எழுத்தை (ரஷ்ய மொழிக்குரிய எழுத்துமுறை) கசாக் மொழியறிஞர் அக்மெத் பைதுர்சினுலிதான் உருவாக்கினார்" என்று ஒரு பதிவில் எழுதியிருக்கிறீர்கள். ஆண்டுகளே இடிக்கின்றன. அவர் 1937 டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். சிரிலிக் வந்தது 1940-இல். அந்த 42 எழுத்து வரிசையில் முதன்மைப் பங்கு மொழியியலாளர் சார்சென் அமன்ஜோலவுடையது. இடையில் 1929 முதல் லத்தீன் எழுத்தும் இருந்தது.

பைதுர்சினுலி செய்தது அரபு எழுத்தின் சீர்திருத்தம். கசாக்கில் இல்லாத அரபு ஒலிகளுக்கான எழுத்துகளை நீக்கி, உயிர்களுக்குத் தனி எழுத்து தந்து, மொத்தத்தை 24 எழுத்தும் ஒரு குறியுமாகச் சுருக்கினார். அந்தக் குறிதான் அவர் மேதைமைக்குச் சான்று. கசாக்கில் ஒரு சொல்லின் உயிர்கள் பொதுவாக எல்லாமே முன்னுயிராகவோ (நாக்கின் முன்பகுதி உயர்ந்து ஒலிப்பவை) பின்னுயிராகவோ (பின்பகுதி உயர்ந்து ஒலிப்பவை) ஒத்துப்போகும். அதனால் சொல்லின் தொடக்கத்தில் அரபு எழுத்திலுள்ள ஹம்ஸா என்ற சிறு குறி போன்ற ஒரே குறி போட்டால் போதும், உயிர்கள் அத்தனையும் முன்னுயிராகிவிடும். 'தோர்' என்றால் வலை. அதே எழுத்துகளுக்கு முன் குறி வந்தால் விருந்தினரை அமர்த்தும் மதிப்பான இடம். பழைய நூல்களைத் தட்டச்சு செய்யும்போது இந்தக் குறி விடுபட்டால் பொருளே மாறிவிடும். ஆனால் எ, க் (k), மெல்லொலி 'க' (g) வரும் சொற்கள் எப்படியும் முன்னுயிர்ச் சொற்கள்தான் என்பதால் அவற்றுக்குக் குறி தேவையில்லை. அங்கே அது இல்லாததைப் பிழை என்று திருத்திவிடாதீர்கள்.

பெயர்ச்சொல்லுக்கு 'ஸத் எசிம்', வினைக்கு 'எதிஸ்திக்' என இன்றும் பள்ளிகளில் வழங்கும் இலக்கணச் சொற்களும் அவர் தந்தவையே. அவர் எழுத்துமுறையின் சற்று மாறிய வடிவத்தைச் சீனாவின் சின்ஜியாங் பகுதிக் கசாக்குகள் இன்றும் எழுதுகிறார்கள்.