குக்கர் கொடுத்தாச்சு, கூலிச் சீட்டு எங்கே?

தையல் யூனிட் முதலாளி ஒருத்தர் ஆயுத பூஜைக்குத் தன் ஆட்களுக்குக் குக்கர் கொடுத்த அந்த வீடியோவை எனக்கு இதுவரைக்கும் பதினோரு பேர் அனுப்பிட்டாங்க. "பார்த்தியா, நம்ம வண்ணாரப்பேட்டையில இப்படி ஒரு முதலாளி!" பார்த்தேன். முழுசாவே பார்த்தேன். ஆயுத பூஜை மாலை, வாடகை மைக், "நாம எல்லாம் ஒரே குடும்பம்"னு பேச கோட்டு போட்ட ஒரு பேச்சாளர், அப்புறம் ஆளுக்கொரு அஞ்சு லிட்டர் குக்கர். கமெண்டுல நான் கேட்டது ஒரே கேள்வி: "போனஸ் எவ்வளவு?" அதுக்குக் கிடைச்ச மரியாதையை நீங்க எல்லாரும் பார்த்தீங்க. வயித்தெரிச்சல் பிடிச்சவன்ல ஆரம்பிச்சு உண்டியல் குலுக்குறவன் வரைக்கும். சரி, வயித்தெரிச்சல்னே வச்சுக்குங்க. கணக்கை மட்டும் காது கொடுத்துக் கேளுங்க.

சனிக்கிழமை சாயங்காலம் தன் கைக்கு எவ்வளவு வரும்னு வேலை செய்றவங்க வெள்ளிக்கிழமை ராத்திரியே போட்டுப் பார்க்க முடியணும். அவ்வளவுதான் நான் சொல்றது. அது முடியலைன்னா நீங்க கொடுக்குற ஊக்கத்தொகை எதுவுமே ஊக்கம் இல்லை, குலுக்கல் சீட்டு.

எம்.சி. ரோட்டுக்குப் பின்னாடி சந்துகள்ல நைட்டியும் சுடிதாரும் ஸ்கூல் யூனிஃபார்மும் தைக்கிற யூனிட்டுகள்ல பீஸ் ரேட், அதாவது தைக்கிற ஒவ்வொரு பீசுக்கும் கூலி, எப்படிப் போடுறீங்கன்னு கேட்டுப் பாருங்க. "பக்கத்துல என்ன ரேட்டோ அதான்"னு பதில் வரும். அது ரேட் இல்லை, வதந்தி.

ரேட் போடுறதுக்கு ஒரு வழி இருக்கு. இருக்கிறதுலயே வேகமான கையை விட்டுட்டு, நடுத்தர வேகத்துல தைக்கிற ஒருத்தரை ஏதாவது ஒரு தையல் வேலையைப் பத்து பீசுல செய்ய விட்டு செல்ஃபோன்ல நேரம் பிடிங்க. பீசுக்குச் சராசரி 48 வினாடின்னு வைங்க. அதுமேல ஒரு 20 விழுக்காடு சேர்க்கணும். பாபின் (அடிநூல் சுத்தின உருளை) மாத்த, அறுந்த நூலைக் கோக்க, பண்டிலை (வெட்டின துணிக் கட்டை) அவிழ்த்துக் கட்ட, தண்ணி குடிக்க, பாத்ரூம் போக. 57.6 வினாடி ஆகுது. 8 மணி நேரம்னா 28,800 வினாடி, அதுல 500 பீஸ். நாள் கூலி 600 ரூபாய்னா பீசுக்கு 1 ரூபாய் 20 காசு. அந்த 20 விழுக்காட்டை "மறந்துட்டா" அதே கணக்கு 600 பீஸ், பீசுக்கு 1 ரூபாய்னு வரும். ஆனா தைக்கிறவங்களால தைக்க முடியறது அதே 500தான். நாளுக்கு 100 ரூபாய் போச்சு. பாபின் மாத்துனதும் பாத்ரூம் போனதும் அவங்க சொந்தச் செலவு! இதை யாரும் திருட்டுன்னு சொல்ல மாட்டாங்க, ஏன்னா பூட்டு எதுவும் உடையலை.

இதோட முடியலை. கட்டிங் டேபிள்ல இருந்து துணி வரலை, கரண்ட் இல்லை, பட்டன் தீர்ந்து போச்சு. உட்கார்ந்திருந்த ரெண்டு மணி நேரத்துக்கு யார் காசு கொடுக்கிறது? பீஸ் ரேட்ல பைசா கிடையாது. ஆர்டரை ஒழுங்காத் திட்டம் போடாதது முதலாளி, பட்டினி கிடக்கிறது தைக்கிறவங்க. காத்திருந்த நேரத்துக்கு மணிக் கூலி கொடுத்துப் பாருங்க, கட்டிங் மாஸ்டர் மறுவாரமே நேரத்துக்குத் துணி கொடுப்பார். நஷ்டம் முதலாளி பாக்கெட்டுக்கு வந்தாத்தான் கோளாறு அவர் கண்ணுக்குத் தெரியும்.

தப்பாகித் திருத்த வர்ற ஆல்டர் பீசுக்கும் இதேதான். தையல் ஓடினது தைச்சவங்க தப்பு, திருப்பித் தைக்கட்டும், அந்த நேரத்துக்குக் கூலி வேண்டாம். நியாயம். ஆனா துணியில ஷேடு மாறினதும், முன்பக்கத்தைச் சைஸ் மாத்தி வெட்டினதும் எப்படி அவங்க தலையில விழுது? ஒரு பீஸ் கெட்டா முழு நைட்டி விலையையும் பிடிக்கிற இடங்கள் இருக்கு.

அடுத்தது ரேட்டைக் குறைக்கிறது. 500 தைச்ச கை பழகிப் பழகி 650க்கு வருது. 780 ரூபாய் ஆகுது. உடனே முதலாளிக்குக் கண்ணு உறுத்தும். "ரொம்ப ஈசியா இருக்கு போல", ரேட் 1 ரூபாய். இப்போ 650 தைச்சாலும் 650 ரூபாய்தான். மறுநாள்ல இருந்து லைன்ல ஒருத்தரும் 500ஐத் தாண்ட மாட்டாங்க. ஒருத்தருக்கொருத்தர் கண்ணாலயே சொல்லிப்பாங்க. அப்புறம் "நம்ம ஆளுங்களுக்கு உழைக்க மனசே இல்லை சார்"னு புலம்பி, கோட்டு போட்டவரைக் கூட்டிட்டு வருவாங்க. 1895லேயே அமெரிக்காவில ஃபிரெட்ரிக் டெய்லர் (பேருதான் டெய்லர், தையற்காரர் இல்லை, என்ஜினியர்) எழுதி வச்சாச்சு: கூட உற்பத்தி பண்ணா ரேட்டை வெட்டுவாங்கன்னு தெரிஞ்ச தொழிலாளி வேணும்னே மெதுவாத்தான் செய்வான். அந்த டெய்லர் தொழிலாளிக்கு ஒண்ணும் மாமன் மச்சான் கிடையாது.

இந்த இடத்துல ஒரு நோட்டைப் பத்திச் சொல்லியாகணும். ஓவர்லாக் (துணி ஓரம் பிரியாம இருக்கப் போடுற தையல்) போடுற ஒரு அக்கா, கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு வச்சிருக்காங்க. முடிக்கிற ஒவ்வொரு பண்டிலுக்கும் ஒரு குச்சி. நாலு குச்சி நட்டு, அஞ்சாவதைக் குறுக்கே கிழிப்பாங்க. சனிக்கிழமை சூப்பர்வைசர் நோட்டுல 31 பண்டில், இவங்க நோட்டுல 34. யார் நோட்டு ஜெயிக்கும்னு நான் சொல்ல வேணாம். "எழுதத் தெரியாத பொம்பளை குச்சி போட்டா கணக்காயிடுமா"ன்னு சிரிச்சாங்களாம். இத்தனைக்கும் தீர்வு ஒரு கார்பன் புக். பண்டில் நம்பர், சைஸ், என்ன வேலை, எத்தனை பீஸ். ஒரு சீட்டு ஆபீசுக்கு, ஒரு சீட்டு அவங்க கைக்கு. குக்கருக்குக் காசு இருக்கு, கார்பன் புக்குக்கு இல்லையாம்.

மாசம் முழுக்க லீவு போடலைன்னா 1,000 ரூபாய்னு ஒரு வருகை போனஸ், அதுக்கும் வீடியோவுல கைத்தட்டல். மூணாம் தேதி குழந்தைக்குக் காய்ச்சல், ஒரு நாள் லீவு. 1,000 போச்சு. மிச்ச நாளெல்லாம் அவங்க வர்றதுக்கு அந்தத் திட்டத்துல என்ன இருக்கு? இதையே வாரத்துக்கு 250ஆப் பிரிச்சா, ஒரு வாரம் போனாலும் மூணு வாரம் கையில இருக்கும். முழுசா வர்றவங்களுக்கு ஆகுற செலவு அதே 1,000தான். சில இடத்துல ஒரு நாள் வரலைன்னா ரெண்டு நாள் கூலியைப் பிடிக்கிறாங்க. வராத நாளுக்கு அந்த நாள் கூலிக்கு மேல பிடிக்கக் கூடாதுன்னு 1936ல இருந்து சட்டம் இருக்கு, 2019 ஊதியச் சட்டத் தொகுப்புலயும் இருக்கு.

இப்போ போனஸ். 1965 போனஸ் சட்டம் சொன்னது வருஷக் கூலியில குறைஞ்சது 8.33 விழுக்காடு, கூடினா 20. 8.33ன்னா பன்னெண்டுல ஒரு பங்கு. சட்டத்துக்குள்ள வர்ற இடம்னா லாபமோ நஷ்டமோ அதைக் கொடுத்தாகணும், புதுசாத் தொடங்கின இடத்துக்கு மட்டும் முதல் சில வருஷம் சலுகை. 2019 தொகுப்புலயும் அதே 8.33, அதே 20. குக்கர்ங்கிற வார்த்தை ரெண்டுலயும் இல்லை, தேடிப் பார்த்துட்டேன்.

கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி. மாசம் 15,600 வாங்குறவங்களுக்கு 26ஆல வகுத்தா நாளுக்கு 600, மணிக்கு 75. ஓ.டி. மணிக்கு 150 வரணும். கொடுக்கிறது 75, கூட ஒரு டீ, பன். மாசம் 16 மணி நேரம் ஓ.டி. பார்த்தா 1,200 ரூபாய் குறையுது. வருஷத்துக்கு 14,400. மொத்த விலையில குக்கர் என்ன விலைன்னு நீங்களே விசாரிங்க.

"நீ ஒரு யூனிட் நடத்திப் பாரு"ங்கிறாங்க. இதுல உண்மை இருக்கு, மறுக்கலை. சரக்கை வாங்கின பெரிய கடைக்காரர் 90 நாள், 120 நாள் இழுத்தடிக்கிறார். 45 நாளுக்குள்ள சிறு தொழிலுக்குப் பணம் கொடுக்கணும்னு 2006ல இருந்து சட்டம் இருந்தும், கேஸ் போட்டா அடுத்த ஆர்டர் வராது. நசுங்குறது முதலாளியும்தான். ஆனா அவர் தன் பாக்கியை எவ்வளவு, எத்தனை நாள்னு பைசா சுத்தமாச் சொல்றார் பாருங்க, அதே உரிமையைத்தான் ஓவர்லாக் அக்காவுக்குக் கேட்கிறேன்.

"பணம் ஊக்கம் தராதுன்னு ஹெர்ஸ்பெர்க் சொல்லியிருக்காரே"ன்னு எம்.பி.ஏ. படிச்ச தம்பி ஒருத்தர் கேட்டார். ஹெர்ஸ்பெர்க் அமெரிக்க உளவியலாளர். அவர் ஆராய்ச்சி செஞ்சது பிட்ஸ்பர்க் பக்கம் இருந்த என்ஜினியர்களையும் கணக்காளர்களையும். சம்பளம் சரியில்லைன்னா அதிருப்தி வரும், அதை முதல்ல சரி பண்ணுங்கன்னும் அவரேதான் சொல்றார். அந்தப் பாதியை ஏன் தம்பி படிக்கலை?

கார் கம்பெனி ஹென்றி ஃபோர்டு கதையும் வந்துச்சு. 1914ல நாளுக்கு அஞ்சு டாலர். ஆமா. ஆட்கள் வேலையில நிக்காம ஓடிக்கிட்டே இருந்ததாலதான் கொடுத்தார். அதுல பாதி லாபப் பங்குன்னு பேரு, அதை வாங்க தொழிலாளி வீட்டுக்கே ஆள் வந்து குடிக்கிறானா, வீடு சுத்தமா இருக்கான்னு பார்த்துட்டுப் போவாங்க. "ஒரே குடும்பம்"னா இப்படித்தான் இருக்கும் போல.

நம்ம காசிமேட்டுல படகுக்குப் போறவங்களைப் பாருங்க. அங்கேயும் கஷ்டம்தான், முன்பணச் சிக்கல் இருக்கு, பங்கு படகுக்குப் படகு மாறும். ஆனா ஏலத்துல மீன் என்ன விலைக்குப் போச்சுன்னு அவங்க காதாலயே கேட்பாங்க. டீசல், ஐஸ், சாப்பாடு கழிச்சு மிச்சம் எவ்வளவுன்னு வாய்க்கணக்காவே சொல்லுவாங்க. யாரும் அங்க மைக் பிடிக்கிறதில்லை. 1918ல இதே வடசென்னையில பின்னி மில்லுக்காரங்க சங்கம் வச்சாங்க, சாப்பாட்டு இடைவேளை போதலைங்கிறது அன்னிக்கு ஒரு பெரிய குறை. நூறு வருஷம் தாண்டி நாம பாத்ரூம் நேரத்தை பீஸ் ரேட்டுக்குள்ள தேடிட்டு இருக்கோம்.

"வாங்கினவங்க சந்தோஷமாத்தானே சிரிச்சாங்க?" இதுதான் எனக்கு நிஜமாவே வலிச்சது. சிரிச்சாங்க. கேமரா முன்னாடி முதலாளி கையால வாங்குறப்ப வேற என்ன செய்வாங்க? சிரிக்காதவங்களும் அதுல இருக்காங்க. பிசிறு வெட்டுற நாலு பேர், காண்ட்ராக்டர் கணக்குல வர்றவங்க, யூனிட்டோட ஆள் கணக்குல இல்லாதவங்க. அவங்க பேர் கூப்பிடலை. 1 நிமிஷம் 10 வினாடியில வீடியோவை நிறுத்துங்க. இடது ஓரத்துல, அயர்ன் டேபிளுக்குப் பக்கத்துல நின்னு கை தட்டிட்டு இருக்காங்க.